ஆற்றங்கரைக்குப் போக இருந்த டைல்ஸ்

எதிர் வீட்டுக்காரர்கள் பெட்டி பிரிக்காத டைல்ஸைக் கட்டடக் கழிவு அள்ளும் ரப்பீஸ் லாரியில் ஏற்றியதைப் பார்த்த அன்று வந்த கோபம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

அனகாபுத்தூரில் எங்கள் சந்துக்குள் ஆறு வருவது புதிதல்ல. போன மழையில் வந்த தண்ணீர் குளியலறைத் தரையைப் பெயர்த்துவிட்டுப் போனது. பிரசவத்துக்கு மகள் வர இருந்தாள். பாசி பிடித்த அந்தத் தரையில் நானே சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நிற்பேன். நிறைமாதக்காரி எப்படி நிற்பாள்? வழுக்காத டைல்ஸ் போடச் சொன்னார் கொத்தனார். கடையில் விலையைக் கேட்டதும் வந்த வழியே திரும்பிவிட்டேன். எதிரே, கட்டி முடித்த புது வீட்டு வாசலில் அதே டைல்ஸ் மிச்சமாகக் கிடந்தது.

போய்க் கேட்டேன். "சும்மா வேணாம் சார், வெலைக்குக் குடுங்க."

ஆபீஸ் போகிற மனிதர். மனைவியைப் பார்த்தார்.

"இல்ல பாட்டி, கிரகப்பிரவேசத்துக்கு முன்னாடி புது வீட்டுப் பொருளை வித்தா லட்சுமி வெளிய போயிடுவா" என்றாள் அந்த அம்மா.

"அப்ப விசேஷம் முடிஞ்சப்புறம் வாங்கிக்கறேன்."

"ஐயோ, சொந்தக்காரங்க வரும்போது வாசல்ல இதெல்லாம் கிடக்கலாமா? நாளைக்கு லாரி வருது."

விற்றால் போய்விடுகிற லட்சுமி, ஆற்றங்கரையில் கொட்டினால் மட்டும் போக மாட்டாளாம்! கொட்டுவதற்கு லாரிக்குக் கூலி வேறு. இப்படிக் கொட்டிக் கொட்டிக் கரையை அடைத்தால் ஆறு எங்கே போகும்? என் குளியலறைக்குத்தான்.

மறுநாள் எல்லாவற்றையும் ஏற்றி முடித்ததும் லாரிக்கு முன்னால் போய் நின்றேன்.

"இன்னா ஆயா, குறுக்க நின்னுகினு பேஜார் பண்ற? நவுரு" என்றார் டிரைவர்.

"எம்மேல ஏத்திகினு போ நைனா. ஆஸ்பத்திரி செலவ சார் பாத்துப்பாரு. குப்ப கொட்டவே காசு குடுக்கறவரு, எனக்குக் குடுக்க மாட்டாரா?"

தெரு கூடிவிட்டது. சாருக்கு முகம் சுருங்கிப் போனது. "என்ன பாட்டி, அசிங்கமா இருக்கு!"

"அசிங்கந்தான் சார், புதுச் சரக்க ஆத்துல கொட்றது."

முந்தானையில் முடிந்து வைத்திருந்த கல்லுப்புப் பாக்கெட்டை எடுத்தேன். உப்பைக் கைக்குக் கை கொடுக்கக் கூடாதென்று வாசற்படியில் வைத்தேன்.

"புது வூட்டுக்குள்ள மொதல்ல போறது உப்புதானேம்மா? இதான் லட்சுமி. எடுத்து உள்ள வை. அவ உள்ள வரட்டும், டைல்ஸ் வெளிய போவட்டும்."

வாசல்வரை வந்த லட்சுமியை வேண்டாமென்று சொல்ல முடியுமா? உள்ளே எடுத்துப் போனாள். நான் காசைக் கொடுத்துப் பெட்டிகளை இறக்கினேன்.

அதைப் பார்த்துப் பக்கத்து வீட்டு நெசவுக்காரரும் உப்போடு ஓடி வந்தார், லாரியில் கிடந்த மிச்ச பைப்புகளை விலை பேச. பின்னால் இன்னும் இரண்டு பேர், ஆளுக்கொரு உப்புப் பாக்கெட்டோடு.

"இவ்ளோ உப்ப வச்சு நான் என்ன பண்றது?" என்றாள் அந்த அம்மா.

"ஊறுகா போடும்மா."

ஆனாலும் லாரிக்குள் அடியில் கிடந்த நல்ல செங்கல்லை யாரும் கேட்பதற்குள் சார் லாரியைக் கிளப்பிவிட்டார். அது ஆற்றங்கரைக்குத்தான் போனது.

மகள் வந்து, டைல்ஸ் போட்ட புதுத் தரையில் முதல் தடவை குளிக்கப் போனபோது, கதவில் காதை வைத்து நின்றேன்.

"இன்னாம்மா, ஒட்டுக் கேக்கறியா?" என்றாள் உள்ளிருந்து.

"விழுற சத்தம் வருதான்னு பாக்கறேன்."

"தரை சொரசொரன்னு கீது. நீ போயி சோத்த வடி."