ஃபார், நியர், க்ளோஸ், டச்

அப்பா கட்டுமான இடங்களில் கிரேனுக்கு சிக்னல் கொடுப்பவர். சுமை இறங்கும் இடம் கிரேன் ஓட்டுபவருக்குப் பாதி நேரம் தெரியாது. சுவருக்குப் பின்னால் இருக்கும், அல்லது குழிக்குள். அங்கே நின்று ரேடியோவில் அவருக்குக் கண்ணாக இருப்பது அப்பாவின் வேலை.

வேலையாட்கள் பல மொழிக்காரர்கள். எல்லோருக்கும் புரிய வேண்டும் என்பதால் சொற்கள் ஆங்கிலத்தில் இருந்தன. ‘ஃபார்’ என்றால் தாராளமாக இறக்கலாம். ‘நியர்’ என்றால் வேகத்தைக் குறைக்க வேண்டும். ‘க்ளோஸ்’ என்றால் நூல் நூலாக. ‘டச்’ என்றால் சுமை உட்கார்ந்துவிட்டது. ‘சூன்’, ‘லேட்டர்’ இரண்டையும் அப்பா சேர்த்துக்கொள்ளவே இல்லை. “சூன்னா எப்போ? கயித்துல தொங்கறதுக்கு இப்போ மட்டும்தான் உண்டு” என்பார்.

இவற்றைவிட முக்கியமான விதி ஒன்று இருந்தது. சுமை இறங்கும்வரை இடைவெளி விடாமல் பேச வேண்டும். நியர், நியர், நியர். குரல் நின்றால், காரணம் என்னவானாலும், கிரேன் அதே நொடியில் நிற்கும். ஒருமுறை ஈ ஒன்று வாய்க்குள் போய் அப்பாவுக்குப் புரையேறியது. இரும்புத் தூண் அந்தரத்தில் நின்றது. எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அன்றிலிருந்து அவர் பெயர் ‘வாய்’. வீட்டில் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச மாட்டார். “அங்க வாய், இங்க பூட்டா?” என்று அம்மா இருந்தவரை கேட்டுக்கொண்டே இருந்தாள்.

உச்சியில் கேபினுக்குள் உட்கார்ந்திருக்கும் கிரேன் ஓட்டுபவரை அப்பா ‘மேல்வீட்டுக்காரன்’ என்பார். எனக்கு அவர் மாமா. அத்தனை வருடத்தில் மாமா ரேடியோவில் பேசியதே இல்லை. பதிலுக்கு ஒரு ஹாரன், அவ்வளவுதான். ரெண்டு பேர் பேசினால் எதைக் கேட்பது என்பார்.

நான் அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் வேலையில் இருக்கிறேன். தொழிற்சாலையில் இருந்தபோது மாமா அழைத்தார்.

“பாப்பா, கிளம்பி வா. உங்கப்பன் இன்னிக்குத் தாண்டறது கஷ்டம்னு டாக்டர் சொல்லிட்டார். கண்ணத் திறக்கல. உன்னத்தான் கேக்கறான்.”

காரை எடுத்தேன். மாமா தன் போனை ஸ்பீக்கரில் போட்டுத் தலையணையில் வைத்தார்.

“எங்க இருக்கே?” அப்பாவின் குரல் காய்ந்திருந்தது.

“கிட்டத்தட்ட வந்துட்டேன்ப்பா.”

“இதெல்லாம் ஒரு சிக்னலா?”

“...ஃபார்.”

“ம். பேசிட்டே வா. நிறுத்தாத.”

ஃபார், ஃபார் என்று சொல்லிக்கொண்டே ஓட்டினேன். முன்னால் மணல் லாரி, அதையும் சொன்னேன். அவர் மூச்சு மட்டும் கேட்டது, விட்டுவிட்டு.

அப்போதுதான் மலைச் சுரங்கப்பாதை நினைவுக்கு வந்தது. உள்ளே போனால் லைன் கட்டாகும். என் குரல் நிற்கும். குரல் நின்றால் எல்லாம் நிற்கும் என்று வாழ்நாள் முழுக்கப் பழகிய மனிதர் அந்தப் பக்கம் படுத்திருந்தார்.

“மாமா, சுரங்கப்பாதை வருது. லைன் போயிடும்.”

“மலையச் சுத்தி வாயேன்மா.”

“சுத்தினா நேரத்துக்கு வர முடியாது. நான் உள்ள இருக்கறவரைக்கும் நீங்க பேசுங்க.”

“நானா? நான் என்னிக்குப் பேசியிருக்கேன்?”

“அவன் பேசினா கிரேன் கவுந்துடும்” என்றார் அப்பா. சிரிப்பு வந்து இருமலில் முடிந்தது.

நுழைந்தேன். கட்டானது. உள்ளே வண்டிகள் ஊர்ந்தன. யாருக்கும் கேட்காது என்று தெரிந்தும் நியர், நியர் என்று கத்திக்கொண்டிருந்தேன். வெளிச்சம் தெரிந்ததும் போன் செய்தேன். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு மாமாவின் குரல்.

“...நியர்டா. நியர். வந்துட்டா. டேய், காதுல விழுதா? நியர், நியர்...”

“மாமா, வெளிய வந்துட்டேன். அப்பா இருக்காரா?”

அவர் பதில் சொல்லவில்லை. சொன்னால் இடைவெளி விழும். நியர், நியர் என்றே போய்க்கொண்டிருந்தார். அதற்கு நடுவே கட்டில் கம்பியில் அப்பாவின் நகம் தட்டும் சத்தம் கேட்டது. ஒரே ஒரு தட்டு. ஹாரன்.

“நியர்” என்றேன். மாமா உடனே நிறுத்திக்கொண்டார்.

மருத்துவமனை வாசலில் காரைக் கோணலாக விட்டேன். காவலாளி திட்டினார். படிக்கட்டில் ‘க்ளோஸ்’ ஆரம்பித்தேன். மூச்சிரைத்தது, அதோடேயே சொன்னேன். க்ளோஸ், க்ளோஸ். அறைக்குள் நுழைந்தபோது என் குரல் என் வாயிலிருந்தும் தலையணைப் போனிலிருந்தும் ஒன்றாகக் கேட்டது. அப்பா முகத்தை வாசல் பக்கம் திருப்பினார்.

கையைப் பிடித்தேன். தோல் காய்ப்புக் காய்ப்பாக, குளிர்ந்து இருந்தது.

“டச்.”

அவர் விரல்கள் என் விரல்மேல் மடங்கின.

அதன் பிறகு மூச்சுகளுக்கு நடுவே இடைவெளி நீண்டுகொண்டே போனது. நான் நிறுத்தவில்லை. டச், டச், டச். தளத்தில் அந்தச் சொல்லை அவர் ஒரு தடவைதான் சொல்வார். எனக்குத் தெரியும். ஆனாலும் நிறுத்த முடியவில்லை. நர்ஸ் வந்து நாடி பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். நான் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

மாமா தலையணையிலிருந்து போனை எடுத்து அணைத்தார். பிறகு என் தோளைத் தொட்டார்.

“போதும் பாப்பா. இறக்கியாச்சு.”