கோயில் ஊற்றில் படிந்த துரு

அம்மன் கோயிலுக்குப் பின்னாலிருக்கும் ஊற்று நிறம் மாறுவதற்கு முன்பு, இந்தத் தேயிலைத் தோட்டத்தில் என் சொல்லை எவரும் மறுத்துப் பேசியதில்லை. என் தலைமுறையில் இங்கிருந்து கல்லூரிக்குப் போனவன் நான் ஒருவனே. வரலாற்றில் பட்டம் பெற்று, தொழிற்சாலை அலுவலகத்தில் பெரிய கிராணியாக, அதாவது தலைமை எழுத்தராக, இருந்து ஓய்வு பெற்றேன். கோயில் தலைவர் பொறுப்பை நான் தேடிப் போகவில்லை. தோட்டத்து மக்களே வீட்டுக்கு வந்து கேட்டார்கள். பின்னால் நடந்ததன் கனம் விளங்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

திருவிழாவுக்கு வரும் வாகனங்கள் நிற்க இடம் போதவில்லை. அதனால் கோயிலின் பின்புறச் சரிவை, தோட்ட நிர்வாகத்தின் அனுமதியுடன், மண்வாரி இயந்திரம் கொண்டு வெட்டச் செய்தேன். இயந்திரம் சில நாள்கள் ஊற்றுக்கு மேலேயே நின்றது. அது போன பிறகு, வெட்டிய மண்ணின் அடியிலிருந்து புதிதாக நீர் கசிந்து ஊற்றோடு கலந்தது. ஓடை முழுவதும் ஆரஞ்சு நிறத்தில் வழவழப்பான சேறு படிந்தது. நீர் தேங்கிய இடங்களில் எண்ணெய்ப் படலம் போல வானவில் நிறங்கள் மின்னின. அம்மனின் அபிஷேகத்துக்கு அந்த நீர்தான். குழாயில் தண்ணீர் வராத நாள்களில் தொழிலாளர்களின் லயத்து வீடுகளுக்கும் அதுவே.

டீசல் என்றார் லோரிக்காரர். பக்கத்து ஊரான திரிங்காப்பிலிருந்து காய்கறி ஏற்றிப் போகும் லோரிகளின் சொந்தக்காரர். கோயில் செயற்குழுவில் எனக்கு அடுத்த இடத்தில் இருப்பவர். வெள்ளிக்கிழமை பூசை முடிந்து எல்லோரும் நின்றிருந்தபோது என் முகத்துக்கு நேராகவே சொன்னார்.

“கிராணி ஐயா, காலம்பூரா டீசல்ல கை வெச்சவன் நான். எனக்குத் தெரியாதா? மெஷின்லேருந்து ஒழுகியிருக்கு லா.”

“டீசல் என்றால் வாடை வர வேண்டுமே,” என்றேன்.

“உங்களுக்கு எப்படி வரும்? சாம்பிராணிப் பொகையிலேயே ஒக்காந்து மூக்கு அடைச்சுப் போச்சு!”

எல்லோரும் சிரித்தார்கள். பூந்தோட்டத்தில் வேலை செய்யும் ஓர் அம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. “புள்ளைங்க குடிக்கிற தண்ணிங்க ஐயா. கொஞ்சம் பார்த்துச் செஞ்சிருக்கலாமே?” என்றார். லோரிக்காரரின் கேலியைவிட அதுதான் தைத்தது. மலைச்சரிவில் நடப்பது கீழே இருப்பவனை வந்தடையும் என்பதை, மலையடி ஊரான லெம்பா பெர்த்தாமை வெள்ளச் சேறு மூடியபோது கண்டவர்கள் நாங்கள்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் தலைவரை மாற்றிவிடுவார்கள் என்ற பேச்சு பரவியது. பொறுப்பிலிருந்து விலகுவது எனக்குப் பெரிதல்ல. குடிநீரில் டீசல் கலக்கக் காரணமானவன் என்ற பெயரோடு விலகுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

கூட்டத்துக்கு லோரிக்காரர் தம் அக்காள் மகளை அழைத்து வந்தார். பல்கலைக்கழகத்தில் மண்ணிலும் நீரிலும் வாழும் நுண்ணுயிர்களை ஆராய்பவர் அவர். “படிச்சவங்க சொன்னாத்தானே கிராணி கேப்பாரு? இந்தா, கூட்டியாந்துட்டேன்,” என்றார் லோரிக்காரர். அனைவரும் ஊற்றடிக்குப் போனோம்.

அந்தப் பெண் ஒரு தேயிலைக் குச்சியை எடுத்து நீரின் மேலிருந்த படலத்தைக் கிளறினார். அது கண்ணாடிச் சில்லுகளாக உடைந்து, உடைந்தபடியே மிதந்தது.

“மாமா, உங்க லோரியிலேருந்து கொஞ்சம் டீசல் கொண்டாங்க.”

தனியாக ஒரு வாளித் தண்ணீரில் சில சொட்டுகள் விட்டு அதையும் கிளறினார். அந்தப் படலம் பிரிந்தது. மறுகணமே சுழன்று ஒன்றுசேர்ந்துகொண்டது.

“டீசல்னா இப்படித் திரும்ப ஒட்டிக்கும். ஊத்துல இருக்கிறது ஒட்டல பாத்தீங்களா? அது டீசல் இல்ல மாமா. இரும்பைத் தின்னு வாழுற கிருமிங்க.”

“இரும்பைத் தின்னுமா? ஐயோ, அப்ப என் லோரி?”

“அதை உங்க டிரைவருங்களே தின்னுருவாங்க. கிருமிக்கு மிச்சம் இருக்காது.”

இம்முறை சிரிப்பில் நானும் சேர்ந்துகொண்டேன்.

பாறையிலிருந்து கரைந்த இரும்பு, காற்றுப் படாத நிலத்தடி நீரில் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கிறது. சரிவை வெட்டியதும் அந்த நீர் காற்றைத் தொட்டது. இரும்பும் காற்றும் சேரும் இடத்தில் இந்தச் சிற்றுயிர்கள் பிழைத்து, துருவை விட்டுச் செல்கின்றன. அவர் சொன்னதன் சாரம் இதுதான். என் வெட்டுதான் அந்த நீரை வெளியே கொண்டுவந்தது என்பதை அவர் மறைக்கவில்லை, நானும் மறுக்கவில்லை. சோதனைக்கு நீர் எடுத்துக்கொண்டு, முடிவு வரும்வரை யாரும் குடிக்க வேண்டாம் என்றார். கற்படிகளில் நீரை விழச் செய்து, துருவைப் படியவிட்டு, மணலில் வடிகட்டவும் வழி சொன்னார். கல்லையும் மணலையும் லோரிக்காரர் தம் லோரியிலேயே கொண்டுவந்து இறக்கினார். “தப்பு என்னுதுதான் கிராணி ஐயா,” என்று எல்லோர் எதிரிலும் சொன்னார். எனக்கெதிரான சாட்சிக்கென்று அழைத்து வந்தவர், சாட்சி மாறியபோது வாயை மூடிக்கொண்டு போயிருக்கலாம். அவர் அப்படிப் போகவில்லை. அந்த மரியாதைக்கு நான் கடமைப்பட்டவன். நான் தலைவராகவே தொடர்ந்தேன்.

அன்று மாலை என் வீட்டில் தேநீர் அருந்தியபடி அந்தப் பெண் இன்னும் சொன்னார். தரையில் ஒரு புல்கூட இல்லாத காலத்தில் கடல் நீரில் இரும்பு கரைந்திருந்ததாம். ஒளியை உண்டு வாழக் கற்ற நுண்ணுயிர்கள் ஆக்சிஜனை வெளியிட, இரும்பு துருவாகி அடுக்கடுக்காகப் படிந்து பாறையானதாம். இன்று தோண்டியெடுக்கும் இரும்பில் பெரும்பகுதி அந்தப் படிவுகளே. மிஞ்சிய ஆக்சிஜன் காற்றில் நிறைந்தது. அதைத்தான் நாம் சுவாசிக்கிறோம்.

கல்லில் எழுதியவர்களிடமிருந்து வரலாறு தொடங்குகிறது என்று படித்தவன் நான். அந்தக் கல்லையே உண்டாக்கியவர்களைப் பற்றி என் பாடத்தில் ஒரு வரியும் இல்லை. தேயிலைச் செடியை வெட்டும் கவாத்துக் கத்தி, கூரைத் தகரம், இந்த வயதிலும் மேடேற உதவும் மூச்சு ஆகிய அனைத்துக்கும் அவர்களுக்கு நன்றி சொல்லத் தோன்றியது. சொன்னேன், மனத்துக்குள்.

பக்கத்து ஊரான கம்போங் ராஜாவில் சிலர், நான் என் சொந்தக்காரப் பெண்ணை வரவழைத்து எனக்குச் சாதகமாகப் பேசவைத்தேன் என்று இன்றும் சொல்கிறார்கள். அவர் என் உறவினர் அல்லர். நான் அவரை அழைக்கவில்லை. டீசல் என்று நிரூபிப்பதற்காக அவரை அழைத்து வந்தவர் லோரிக்காரர்.