வக்கீலய்யாவுக்குக் கேன் தண்ணீர்

என் வீட்டுக்காரர் செஞ்சோவுக்கு உட்காரத் தெரியாது. எங்கள் கல்யாணப் படத்தில் பாதிரியார் தெளிவாக இருக்கிறார், நான் தெளிவாக இருக்கிறேன், மாப்பிள்ளை முகம் மட்டும் கலங்கித் தெரிகிறது. படம் எடுக்கும் அந்த ஒரு நொடிகூட மனுஷன் சும்மா நிற்கவில்லை.

அவருக்கேற்ற வேலைதான் அமைந்தது. தண்ணி லாரி. எங்கள் ஊர் சொச்சிமில்கோவின் மேட்டுத் தெருக்களில் குழாயைத் திறந்தால் காற்று வரும். அங்கே இவர் லாரியோடு போய் ஹாரன் அடித்தால் பெண்கள் வாளியும் டிரம்முமாக ஓடி வருவார்கள். ஊருக்கே தண்ணீர் ஊற்றியவர், அந்தத் தண்ணீரில் ஒரு வாய் குடித்ததில்லை. "நெரப்புற எடம், கொழா கெடக்குற சேறு, எல்லாத்தையும் நான் பாத்தவன்டி" என்பார். வீட்டில் குடிக்க, சமைக்க எல்லாமே கடையில் வாங்கும் கேன் தண்ணீர்தான். பீன்ஸ் வேகவைக்கக்கூடக் கேன் தண்ணீர்.

போன டிசம்பரில், மாதா திருநாளுக்கு முந்தின வாரம், லாரிக் குழாயைத் தோளில் தூக்கியவர் அப்படியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். பிழைத்தது புண்ணியம். லாரிப் பக்கமே போகக் கூடாது, வீட்டில் உட்கார வேண்டும் என்று சொல்லிவிட்டார் டாக்டர். சொல்லிவிட்டுப் போவது சுலபம். வீட்டில் உட்காரச் சொன்ன ஆள் நாள் முழுக்க நடந்தார். நன்றாயிருந்த கதவைக் கழற்றி மாட்டினார். மாடிக்கு ஏறித் தொட்டியை எட்டிப் பார்த்தார். நான் டார்ட்டியா ரொட்டி தட்டும்போது பின்னால் நின்று, "ஓரம் தடிமனா இருக்கு" என்றார். நெஞ்சுவலி அவருக்கு வந்ததா எனக்கு வந்ததா என்று தெரியாத நிலைமை.

அந்தச் சமயத்தில்தான் நாபோர் வந்தான். எங்கள் மகளுக்கு ஞானத்தகப்பன், கால்வாய்க்கரையில் ஆக்சலாட்டல் என்கிற நீர்ப்பல்லிகளை வளர்ப்பவன். ஒரு வாளியைக் கூடத்தில் வைத்தான். உள்ளே சாணிக் கறுப்பில் ஒரு குட்டி. நாலு கால், மீன் வால், எப்போதும் சிரிக்கிற வாய், கழுத்தைச் சுற்றிச் செவுள் குஞ்சம்.

"மச்சான், இத வெச்சுக்க. இதவிடச் சோம்பேறி உலகத்துலயே கெடையாது. பாத்துக் கத்துக்க."

"கழுத்துல என்னடா இது, கோர்ட்டுக்குப் போறவன் மாரி?" என்றார் செஞ்சோ. அன்றிலிருந்து அது வக்கீலய்யா.

கண்ணாடித் தொட்டி வந்தது. எதிரில் ஒரு நாற்காலி வந்தது. நாற்காலியில் என் வீட்டுக்காரர் வந்து உட்கார்ந்தார்! வக்கீலய்யா அடியில் அசையாமல் கிடக்கும். இவர் அதைப் பார்த்துக்கொண்டு அசையாமல் இருப்பார். நான் மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றினேன், அவருக்காக இல்லை, அந்த ஜீவனுக்காக. அது இருக்கும்வரை இவர் நாற்காலியில் இருப்பார். அது போனால் இவர் லாரியில் ஏறிவிடுவார். ஏறினால் உயிரோடு இறங்க மாட்டார். என் கணக்கு அவ்வளவுதான்.

மே மாத வெயிலில் வக்கீலய்யா சுணங்கியது. முதலில் புழுவைத் திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு செவுள் குஞ்சம் முன்பக்கமாக வளைந்து, முடி கொட்டின தலை மாதிரி மெலிந்துபோனது. வால் நுனி சுருண்டது. செஞ்சோ நாற்காலியை விட்டு எழுந்தார். எழுந்தவர் எழுந்தவர்தான்.

மேசை விசிறியைத் தண்ணீர்மேல் திருப்பி வைத்தார். ஐஸ் பாட்டில்களை மிதக்கவிட்டார். கூடத்திலிருந்து முற்றம், முற்றத்திலிருந்து கூடம். ஏதாவது செய்தாக வேண்டும் என்று தினமும் தொட்டித் தண்ணீரில் பாதியை இறைத்துவிட்டுப் புதிதாக ஊற்றினார். அது இன்னும் வாட, இவர் இன்னும் மாற்ற, வாசலில் காலி கேன்கள் சேர்ந்துகொண்டே போயின.

"யோவ் கிழவா, கொஞ்சம் உக்காரேன்யா. ஒன் மூஞ்சி வெளுத்துக் கெடக்கு."

"அது செவுள் எப்படி வெளுத்திருக்கு பாரு. என் மூஞ்சிய விடு."

எனக்கு வந்த ஆத்திரத்தில் ஒரு கேனை உதைத்தேன். கால் விரல்தான் வீங்கியது.

கடைசியில் நானே நாபோரை வரச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை, கால்வாயில் படகுக்குப் படகு பாட்டுச் சத்தம். அவன் வந்து தொட்டிமுன் குந்தினான். விரலைத் தண்ணீரில் விட்டுத் தேய்த்துப் பார்த்தான்.

"எந்தத் தண்ணிடா ஊத்துற?"

"கேன் தண்ணி. சீல் ஒடைக்காதது." செஞ்சோவுக்குப் பெருமை.

"எப்பருந்து?"

"வந்த நாள்லேருந்து. பின்ன, நான் லாரில ஊத்துன எழவையா இதுக்குக் குடுப்பேன்?"

நாபோர் எழுந்து என் சமையல்கட்டுக்குள் போனான். எதைத் தேடுகிறான் என்று தெரியவில்லை. "தங்கச்சி, லாரித்தண்ணி காய வெக்கிற பாத்திரம் எது?" என்றான். துணி ஊறவைக்கக் காய்ச்சும் பழைய அண்டாவைக் காட்டினேன். அடியில் வெள்ளையாகப் பொருக்குத் தட்டிப்போயிருந்தது. நகத்தால் சுரண்டி எடுத்து வந்து செஞ்சோ கையில் கொட்டினான்.

"இதான் அதுக்கு வேணும். மண்ணுக்கடியிலேருந்து வர்ற தண்ணில இருக்குற உப்பு. ஒன் கேன் தண்ணில எல்லாத்தையும் வடிச்சு எடுத்துடுறான். நமக்குப் பரவால்ல, நாம சோறு திங்கிறோம். இது தண்ணிலயே வாழுது மச்சான். வெறுந்தண்ணில கெடந்து காஞ்சு போச்சு. நான் டாக்டர் இல்ல, ஆனா என் குட்டிக்கு நான் கேன் தண்ணி ஊத்தமாட்டேன்."

செஞ்சோ உள்ளங்கையைப் பார்த்தபடி நின்றார். நல்லதை மட்டுமே கொடுத்தவர்.

மறுநாள் எங்கள் தெருவுக்கு லாரி வந்தது. அவர் ஓட்டிய அதே லாரி. வாழ்க்கையில் முதல்முறையாக என் வீட்டுக்காரர் பெண்களோடு வரிசையில் நின்று வாளியை நீட்டினார். "என்னண்ணே, நீயே எங்ககூட நிக்கிற!" என்று பக்கத்துவீட்டுக்காரி சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

குளோரின் போக வாளி திறந்தபடி முற்றத்தில் கிடக்க வேண்டும். அதன்பின் நாளுக்கு ஒரு குவளைதான் தொட்டியில் சேர்க்க வேண்டும், ஒரேயடியாக மாற்றினால் தாங்காது என்பது நாபோரின் கட்டளை. பொறுமை என்ற சொல்லைக் கேட்டாலே வேர்க்கிற மனுஷனுக்கு இப்படி ஒரு வைத்தியம்! அடிக்கொருதரம் வாளியை முகர்ந்தார். என்னையும் முகரச் சொன்னார். துணிக்கு ஊற்ற அந்த வாளியைத் தெரியாமல் தூக்கிவிட்டேன் என்று ஒருநாள் முழுக்க என்னோடு பேசவில்லை.

ஜூன் மழை பிடித்த வாரத்தில், அவர் நீட்டிய மண்புழுவை வக்கீலய்யா லபக்கென்று கவ்வியது. தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினார். செவுளில் மறுபடி சிவப்பு ஏறியது. எனக்கும் மூச்சு வந்தது. இனி நாற்காலிக்குத் திரும்பிவிடுவார் என்று நினைத்தேன்.

சனிக்கிழமை மத்தியானம் சமையல்கட்டுக்கு வந்தார்.

"அது நல்லாயிடுச்சு. திங்கக்கெழம லாரிய எடுக்கப் போறேன். மொதலாளிகிட்டப் பேசிட்டேன்."

கையிலிருந்த மாவைப் பலகையில் அறைந்தேன். "ஒரு மாசமா அது செவுளு ஆடுதா ஆடுதான்னு பாத்தியே, நான் எதப் பாத்துக்கிட்டிருந்தேன்னு தெரியுமா ஒனக்கு? நீ மத்தியானம் கண்ண மூடுனா ஒன் மூக்குக்கிட்ட கைய வெச்சுப் பாக்குறேன்யா. காத்து வருதா வருதான்னு. டிசம்பர்லேருந்து. எனக்குப் பயமா இருக்குய்யா. போகாத."

அவர் முக்காலியை இழுத்துப் போட்டு என் எதிரில் உட்கார்ந்தார்.

"தெரியும்டி" என்றார். "அதான், நீ கைய வெக்கிறப்பல்லாம் சத்தமா மூச்சு விடுவேன்."

மாவுக் கையோடு முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். திங்கட்கிழமை லாரியை எடுக்க வேறு ஆள் போனான்.