ஜெபம் சொல்லாமல் இருந்த ஒரு பின்னேரம்

போதகனாகி எத்தனையோ வருடங்கள் கழித்து நான் திரும்பவும் படிக்கப் போனேன். இறையியலில் முதுமாணிப் பட்டம். சபையை விட்டுவிட்டு யாழ்ப்பாணத்தில் போய்த் தங்கிப் படிக்க முடியாத எங்களைப் போன்றவர்களுக்காக, கல்லூரி சனிக்கிழமைகளில் கிளிநொச்சியிலேயே வகுப்பு வைத்தது. "இவ்வளவு காலமும் ஊருக்குச் சொல்லிக் குடுத்தது காணாதோ" என்று என் மனைவி சிரித்தார். ஆனால் சொந்தக்காரர் எல்லோருக்கும் போன் எடுத்துச் சொன்னதும் அவர்தான். பட்டமளிப்புக்கு உடுக்கச் சேலைகூட வாங்கி வைத்துவிட்டார்.

வகுப்பு ஒரு தேவாலயத்தின் பின்பக்க மண்டபத்தில் நடந்தது. வவுனியாவிலிருந்தும் முல்லைத்தீவுக் கரையிலிருந்தும் போதகர்கள் வருவார்கள். எல்லோரும் நரைத்த தலைகள். மத்தியானம் சோற்றுப் பார்சலைப் பிரித்தால் ஆளுக்காள் பிரசங்கம்தான். எபிரேயம், சபை வரலாறு எல்லாவற்றையும் ஒருவாறு சமாளித்துவிட்டேன். என்னை மடக்கியது ஆற்றுப்படுத்தல் என்ற பாடம். அதாவது, துன்பத்தில் இருப்பவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருப்பது.

அதைப் படிப்பித்தவர் என்னைவிட மிகவும் இளையவர். காலை ரயிலில் யாழ்ப்பாணத்திலிருந்து வருவார். நாங்கள் கிழவர்கள் எல்லோரும் அவரைப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி "மிஸ்" என்றுதான் கூப்பிட்டோம். அவருடைய விதிகள் எளிமையானவை. ஒருவரைச் சந்திக்கப் போனால் புத்தி சொல்லக்கூடாது. சொந்தக் கதை அளக்கக்கூடாது. அவராகக் கேட்காமல் ஜெபிக்கக்கூடாது. சந்திப்பு முடிந்து வந்ததும், இரண்டு பேரும் பேசியதைச் சொல்லுக்குச் சொல் எழுதி வகுப்பில் வாசிக்க வேண்டும்.

முதல் தடவை, ஆஸ்பத்திரியில் கால் முறிந்து கிடந்த ஒருவரைச் சந்தித்து எழுதினேன். மிஸ் தாள்களைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"ஐயா, இதில நோயாளி எங்க?"

"கட்டில்ல இருக்கிறார் மிஸ்."

மண்டபமே சிரித்தது. உண்மையில் அந்த மனிதர் "ஓம் ஐயா" என்பதற்கு மேல் வேறெதுவும் சொல்லியிருக்கவில்லை. மீதியெல்லாம், நான் ஒருமுறை சைக்கிளால் விழுந்து கால் முறிந்த கதை. இரண்டாவது தடவையும் கிட்டத்தட்ட அதேதான். இன்னொரு தடவைதான் தரலாம், அதிலும் தவறினால் இந்தப் பாடமும் இல்லை, பட்டமும் இல்லை என்று மிஸ் மரியாதையாகச் சொல்லிவிட்டார். சொந்தக்காரருக்கெல்லாம் சொல்லியாயிற்று. அந்தச் சேலையை நினைத்தால் இன்னும் கூடுதல் பயம்.

கடைசித் தடவைக்கு நான் தெரிவு செய்தது கனகராயன்குளத்தில் இருக்கும் எங்கள் சபைப் பெண் ஒருவரின் வீட்டை. கணவர் இறந்து நெடுங்காலம். கண்டி வீதி ஓரத்தில் கச்சான், அதாவது நிலக்கடலை, வறுத்து விற்று மகளைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியவர். கவலை எதையும் காட்டிக்கொள்ளாத ஆள். சுருக்கமாகப் பேசுவார், அறிக்கையும் சுருக்கமாக இருக்கும் என்பது என் கணக்கு.

எங்கள் பக்கத்தில் போதகர் வீட்டுக்கு வந்தால் அதற்கொரு முறை இருக்கிறது. முதலில் சுகம் விசாரிப்பு, பிறகு தேத்தண்ணி, பிறகு ஜெபம். ஜெபம் முடிந்தால் சந்திப்பு முடிந்தது. அது முடியாமல் போதகர் எழும்பமாட்டார், வீட்டுக்காரரும் எழும்பமாட்டார்கள். இது எனக்கு நன்றாகவே தெரியும். தெரிந்துகொண்டுதான் போய், ஜெபிப்பதில்லை என்ற முடிவோடு உட்கார்ந்தேன்.

சுகம் விசாரித்தாயிற்று. தேத்தண்ணியும் குடித்தாயிற்று. அவர் எழும்பிப் போய் டிவியை நிற்பாட்டினார். நான் பேசாமல் இருந்தேன். கதிரையில் கிடந்த துவாயை எடுத்து, ஜெபத்துக்கு முக்காடாகத் தலையில் போட்டுக்கொண்டு குனிந்தார். நான் சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துவிட்டுத் துவாயை எடுத்து மடியில் வைத்தார். வேதப்புத்தகத்தை என் பக்கமாகத் தள்ளி வைத்தார்.

"ஐயாவுக்கு நேரம் போகுது போல" என்றார்.

இது ஜெபிக்கச் சொல்லிக் கேட்பதா, இல்லையா? மிஸ் இதைப் பற்றி ஒன்றும் சொல்லித் தரவில்லை. இல்லை என்று முடிவெடுத்தேன்.

"அவசரமில்லை" என்றேன்.

என் வாழ்நாளில் நான் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்ததில்லை. அந்தப் பெண்ணுக்குச் சொல்லக்கூடிய புத்திமதிகள் எல்லாம் நாக்கின் நுனியில் வரிசையாக வந்து நின்றன. எல்லாவற்றையும் விழுங்கினேன். அவர் துவாயின் ஓரத்தை முறுக்கிக்கொண்டே இருந்தார். கடைசியில் ஒரு பெருமூச்சு விட்டார்.

"சரி. ஆர் ஐயாவுக்குச் சொன்னது?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் வகுப்பில் படித்தது கைகொடுத்தது.

"நீங்களே சொல்லுங்கோ."

சொன்னார். அவருக்குக் கச்சான் மூட்டை ஏற்றிவரும் லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரக்காரரை எனக்கும் தெரியும். மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம், மனைவியை இழந்தவர், நல்ல மனிதர், சைவ சமயத்தவர். இருவரும் பதிவுத் திருமணம் செய்ய முடிவெடுத்திருக்கிறார்கள். மகளுக்கும் முழுச் சம்மதம்.

"எனக்கு ஒரே ஒரு பயம்தான் ஐயா. சபையில இருந்து என்னை விலத்திப்போடுவியளோ? நற்கருணை தராமல் விட்டிடுவியளோ? ஒவ்வொருக்காவும் நீங்கள் வரேக்க கேக்கத்தான் இருந்தனான். வாய் திறக்க முன்னம் நீங்கள் கண்ணை மூடி ஜெபிச்சுப்போட்டு எழும்பிடுவியள். ஜெபம் முடிஞ்சாப் பிறகு என்னத்தைக் கதைக்கிறது?"

அந்தச் சொல் என்னை நன்றாகச் சுட்டது. இத்தனை வருடமாக என் ஜெபத்தை வைத்தே இந்த மனுஷியின் வாயை அடைத்திருக்கிறேன்.

"விலத்த மாட்டன்" என்றேன். "ரெண்டு பேருமா வாங்கோ. அவர் உள்ளுக்க வந்து இருந்தாலும் சரி, வெளியில நிண்டாலும் சரி." பிறகு, பொய் சொல்லக்கூடாது என்பதற்காக, "எனக்கு ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை" என்றும் சொன்னேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். முகத்தில் இருந்த பயம் போய், என்னைப் பற்றிய கவலை வந்தது.

"அப்ப ஏன் ஜெபிக்காமல் இருந்தனீங்கள்? ஐயாவுக்குத்தான் ஏதோ மனவருத்தம். ஜெபம் வருகுதில்லை. நான் ஜெபிக்கட்டோ?"

இல்லை, இது படிப்புக்காக என்று சொல்லியிருக்கலாம். சொல்ல மனம் வரவில்லை. தலையை ஆட்டினேன். அவர் துவாயைத் தலையில் போட்டார். நான் கண்ணை மூடினேன்.

எழும்பும்போது, படிப்புக்கென்று இதைப் பேர் சொல்லாமல் எழுதலாமா என்று கேட்டேன். "எழுதுங்கோ, நல்லதுதானே" என்று ஒரு பை கச்சானும் தந்து அனுப்பினார். பிறகு அவர்களுடைய பதிவுத் திருமணத்துக்கு நானும் மனைவியும் போனோம். பட்டமளிப்பு வரை பொறுக்காமல் மனைவி அந்தச் சேலையை அங்கேயே உடுத்துவிட்டார்.

அந்தச் சந்திப்புக்கு அடுத்த சனிக்கிழமையே வகுப்பில் அறிக்கையை வாசித்தேன். டிவி நிற்பாட்டிய இடத்திலேயே சிரிப்புத் தொடங்கிவிட்டது. துவாய் வந்ததும் மிஸ்ஸும் வாயைப் பொத்திக்கொண்டார். ஆனால் கடைசித் தாளுக்கு வந்ததும் என்னால் வாசிக்க முடியவில்லை. பக்கத்தில் இருந்த முல்லைத்தீவுப் போதகர் தாளை வாங்கினார். எங்களில் மூத்தவர், ஓய்வுக்குக் கிட்ட நிற்பவர், வகுப்பையே சிரிக்க வைக்கும் பெரிய பகிடிக்காரர். அவர்தான் அந்தப் பெண்ணின் ஜெபத்தை வாசித்தார்.

"ஆண்டவரே, இந்த ஐயா எல்லாற்ற வீட்டையும் போறார். இவற்ற வீட்டுக்கு ஆர் போறது? வெயிலுக்குள்ள மோட்டச்சைக்கிள்ல அலைஞ்சு திரியிறார். இவருக்கும் ஒரு பயம் இருக்கும், சொல்ல ஆளில்லை. இண்டைக்கு இவற்ற பக்கத்தில நீர் இரும். ஆமென்."

மிஸ் என் அறிக்கையை வாங்கி 'சித்தி' என்று எழுதினார்; பாடத்தில் தேறிவிட்டேன். பிறகு பேனையை மூடி வைத்துவிட்டு எங்களைப் பார்த்தார்.

"ஐயாமார், உங்களுக்கு முன்னால இருந்து, உங்களுக்காக ஆராவது கடைசியா எப்ப ஜெபிச்சவை?"

"சபையில எங்களுக்காக எப்பவும் ஜெபிக்கிறவைதானே" என்றார் ஒருவர்.

"அது போதகர் எண்ட ஊழியருக்காக. நான் உங்களைக் கேக்கிறன்."

பேச்சையே தொழிலாகக் கொண்ட அத்தனை பேரும் அவரவர் சோற்றுப் பார்சலைப் பார்த்தோம். முல்லைத்தீவுப் போதகர் என் தாளை இன்னும் கையில் வைத்திருந்தார்.

"எனக்குப் போதகராக அபிஷேகம் நடந்த அண்டைக்கு, மிஸ்" என்றார்.

நான் என் கதிரையை அவர் பக்கம் திருப்பினேன்.

"அண்ணை, நான் ஜெபிக்கட்டோ?"

அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கண்ணாடியைக் கழற்றினார்.

"கெதியா ஜெபியும். சோறு ஆறப்போகுது" என்றார்.