தெரியாத எண்ணை வெட்டக் கற்றுக்கொண்ட நாள்

அத்தையின் சேமநிதிப் பணம் முழுவதும் ஒரு கல்யாணப் பத்திரிகையோடு போயிற்று. தெரியாத எண்ணிலிருந்து கைப்பேசிக்கு வந்த பத்திரிகை. திறந்தார், திருட்டுச் செயலி உள்ளே புகுந்துகொண்டது. "பத்திரிகை வச்சா யாரு வீட்டுக் கல்யாணம்னுகூட பாக்காம இருக்கிறது மரியாதையா லா?" என்று இன்றும் கேட்கிறார். நம்மவர்களைக் கவிழ்க்க இதைவிட நல்ல வழி கிடையாது.

அதனால்தான் பிரிக்பீல்ட்ஸில் கைப்பேசி மோசடித் தடுப்புப் பயிற்சி என்றதும், போன மாதம் ஒரு சனிக்கிழமை அவரை இழுத்துக்கொண்டு போனேன். முடிந்ததும் கிள்ளான் மருத்துவமனையில் கமலா ஆன்டியைப் பார்ப்பதாகத் திட்டம். அத்தையோடு ஒரே தொழிற்சாலையில் இருபது வருடம் வேலை செய்தவர். உடம்பு மிகவும் முடியாமல் இருந்தார்.

ரவாங்கிலிருந்து கொமுட்டர் ரயிலில் சென்ட்ரல் வரை ஏறக்குறைய ஐம்பது நிமிடம், பிறகு பத்து நிமிட நடை. பசியாறிவிட்டுப் போங்கள். அங்கே கிடைப்பது மசாலா அடைத்துப் பொரித்த ஒரு கறிபாப்பும் ஆறிப்போன தேத்தண்ணியும்தான்.

பயிற்சி நடத்திய பெண் ஒவ்வொருவருக்கும் போலி அழைப்பு விட்டுப் பார்த்தார். "தெரியாத நம்பரா? யோசிக்காதீங்க ஆன்டி. கட் பண்ணுங்க, பிளாக் பண்ணுங்க." எல்லாரையும்விட வேகமாக வெட்டியவர் அத்தை. பரிசாக ஒரு குடை கொடுத்தார்கள். பணம் போன நாளிலிருந்து குனிந்தே நடந்தவர், அன்றைக்குக் குடையோடு நிமிர்ந்து நடந்தார்.

கிள்ளானுக்கு இன்னொரு ரயில், ஒரு மணி நேரத்துக்குமேல். சுபாங் தாண்டியதும் அத்தையின் கைப்பேசி அடித்தது. தெரியாத எண். என்னிடம் காட்டிவிட்டு வெட்டினார், தடுத்தும் வைத்தார். சிறிது நேரத்தில் வேறொரு எண். அதற்கும் அதே கதி.

"பாத்தியாமா, எப்படி மாத்தி மாத்தி அடிக்கிறானுங்க." இருவரும் சிரித்தோம்.

கிள்ளான் நிலையத்திலிருந்து வாடகைக் காருக்கு ஒன்பது வெள்ளி. வார்டில் கமலா ஆன்டியின் கட்டிலில் விரிப்பை உருவிக்கொண்டிருந்தார்கள். அவர் மகள் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என் போன்ல சார்ஜ் இல்ல ஆன்டி. வீட்டுக்காரர் போன்ல அடிச்சேன், அப்புறம் நர்ஸ்கிட்ட வாங்கி அடிச்சேன். அம்மா உங்க குரலக் கேக்கணும்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க."

அத்தை குடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

யாரைத் திட்டுவது? சொல்லிக்கொடுத்தது சரி, அத்தை செய்ததும் சரி. எடுத்தால் பணம் போகிறது, எடுக்காவிட்டால் ஆள் போய்விடுகிறார். எனக்கு மனசே விட்டுப்போயிற்று.

போகிறவர்கள் போங்கள், பயிற்சிக்குக் கட்டணம் இல்லை. போகுமுன் சொந்தக்காரர்கள், அவர்கள் பிள்ளைகள், மாப்பிள்ளைகள் எண்களையெல்லாம் பெயரோடு பதிந்து வையுங்கள். நோயாளி இருக்கும் வார்டின் தொலைபேசி எண்ணையும் சேர்த்து.

அத்தை இப்போது எந்த அழைப்பையும் வெட்டுவதில்லை. நேற்று எவனோ அவர் பெயரில் பார்சல் பிடிபட்டிருப்பதாக மிரட்டினான். கடைசிவரை கேட்டுவிட்டு மெதுவாகக் கேட்டார்: "ஆஸ்பத்திரியிலேருந்தா பேசறீங்க?"