மூத்தவள் வாட்சுக்குப் புதுத் திருகு

என் தங்கைக்குப் பொறாமை உண்டென்று சொன்னால், அவளிடம் வாட்சை ரிப்பேருக்குக் கொடுத்து வாங்கியவர்கள் யாரும் நம்ப மாட்டார்கள். கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு குனிந்தால், பக்கத்தில் இடி விழுந்தாலும் நிமிராத பிறவி அவள். கடையின் முன்பாதி அவளுடைய மேசை, பின்பாதி என் தையல் மெஷின். அவளுக்குக் கை நிதானம், எனக்கு வாய் நீளம். அம்மா அப்படித்தான் பங்கு பிரித்துப் பெற்றாள்.

தங்கையை இரண்டாம் தாரமாகக் கொடுத்தோம். மாப்பிள்ளை ஓர் ஆபீசில் குமாஸ்தா, வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாதவர். முதல் தாரமான மூத்தவள் காய்ச்சலில் போய்விட்டாள். பிள்ளை குட்டி இல்லை. அவளுடைய சேலைகளைக்கூட யாருக்கோ கொடுத்துவிட்டார். சண்டைக்கு ஆளில்லாத வீடு என்று நான்தான் அடித்துப் பேசி முடித்துவைத்தேன். செத்துப்போனவளும் சக்களத்திதான் என்பது எனக்கு உறைக்கவில்லை.

ஒருநாள் மாப்பிள்ளை கடைக்கே வந்தார். கைக்குட்டையைப் பிரித்து ஒரு சின்ன லேடீஸ் வாட்சை மேசையில் வைத்தார். பேட்டரி வருவதற்கு முந்தைய காலத்து வாட்ச், தினமும் சாவி கொடுத்தால்தான் ஓடும். சாவி கொடுக்கிற திருகைக் காணோம். அது இருந்த இடத்தில் மெல்லிய தண்டு மட்டும் துருத்திக்கொண்டு நின்றது.

"அவளோடது. அலமாரியில சும்மா கெடந்துச்சு. திருகு எங்கயோ விழுந்துடுச்சு. பார்த்துக் குடுக்கிறியா?" என்றார்.

அவர் தலை மறைந்ததும் தங்கை மூடியைத் திறந்தாள்.

"அக்கா, இங்க வா. சும்மா கெடந்த வாட்சுன்னா எண்ணெய் பிசின் மாதிரி இறுகியிருக்கும். இது ஓடி ஓடித் தேஞ்சிருக்கு. தண்டுல மரையைப் பாரு, மொழுமொழுன்னு போயிடுச்சு. அதான் திருகு கழண்டு விழுந்திருக்கு. இந்த மனுஷன் தினம் சாவி குடுத்திருக்காரு."

"எண்ணெய் போடக்கூட உன்கிட்ட குடுக்கலையா?"

"குடுத்தாத் தெரிஞ்சுபோயிடுமே."

ஏதோ ஒரு ஞாபகத்துக்குச் செய்திருப்பார் என்று சமாதானம் சொல்லிப் பார்த்தேன். வெந்த புண்ணில் வேல் பாய்ச்சிய கதையானது.

"எங்க வீட்டுச் சுவர்க் கடிகாரம் நின்னு மாசக்கணக்காச்சு. ஒரு செல் வாங்கிட்டு வாங்கன்னா, மறந்துட்டேங்கிறாரு. நான் ஊருக்குப் போனா வந்து கூட்டிட்டுப் போக மறந்துடறாரு. இது மட்டும் ஒருநாள் மறக்கலை பாரு!" லென்ஸைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைத்தாள். ஈரமாக இருந்தது லென்ஸ் மட்டுமல்ல.

எனக்கும் பற்றிக்கொண்டு வந்தது. "தண்டைக் குட்டையா வெட்டித் தொலைடி. பழைய சாமான், உடைஞ்சுபோச்சுன்னு சொல்லு. யார் கேக்கப்போறா?"

"உடைஞ்சா அதை வெச்சுக்கிட்டு இன்னும் உருகுவாரு. ஓடியே தொலையட்டும்."

புதுத் தண்டு நீளமாகத்தான் வரும். துளித் துளியாக வெட்டி, அரத்தில் தேய்த்து, உள்ளே விட்டுப் பார்க்க வேண்டும். நீளம் மிஞ்சினால் இடுக்கில் தூசி போகும். குறைந்துவிட்டால் தண்டு வீண். முணுமுணுத்துக்கொண்டேதான் வெட்டினாள். ஆனாலும் வெட்டு பிசகவில்லை. தகர டப்பாவைக் கிளறி, அந்த வாட்சின் மங்கிய பொன்னிறத்துக்குச் சேர்கிற திருகாகவே தேடிப் பூட்டினாள். கழுவி எண்ணெயும் போட்டாள். எரிச்சலில் செய்த வேலை இவ்வளவு அழகாக வருமா!

சாயங்காலம் மாப்பிள்ளை வந்து, அதைக் காதில் வைத்துப் பார்த்துச் சிரித்தார். கல்யாணத்தன்றுகூட அந்த மனிதர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அவளும்தான் பார்த்தாள்.

மறுநாள் கடைக்கு வரும்போது தங்கைக்குக் கால் தரையில் பாவவில்லை.

"அவர் எழுந்திரிக்கிறதுக்கு முன்னாடியே முழுசாச் சாவி குடுத்து வெச்சுட்டேன். திருகு சுத்த மாட்டேங்குதேன்னு என்கிட்டயே வந்தாரு. நிறைஞ்சிருக்கு, நான்தான் குடுத்தேன், இனிமே நானே குடுக்கிறேன், நீங்க தொட்டா மறுபடி மரை போயிடும்னேன்."

"அடி சக்கை! மூஞ்சி எப்படிப் போச்சு?"

"காதுல வெச்சுக் கேட்டுட்டு, உள்ள வெச்சுட்டாரு."

அன்றைக்கு இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அவள் ஒருநாளும் விடவில்லை. தலைவலியோ காய்ச்சலோ, விடிந்ததும் முதல் வேலை அதுதான். ஆனால் வரவர முகம் வாடிக்கொண்டே போனது. என்னடி என்று பிடித்து உலுக்கினேன்.

"முன்னாடி அவளுக்கு ஊழியம் பண்ண அவர் ஒருத்தர்தான் இருந்தாரு. இப்ப நானும் சேர்ந்துட்டேன். நான் சாவி குடுக்கிறேன், அவர் வந்து நோகாம சத்தத்தைக் கேட்டுட்டுப் போறாரு."

"அப்ப விட்டுத் தொலையேன்டி, பைத்தியக்காரி!"

தங்கை என்னை ஒன்றும் தெரியாதவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"விட்டா அவர் குடுத்துடுவாரே, அக்கா."