ஐஸுக்குக் கழித்த நாவூறு

ரொறன்ரோ மில்லிக்கனில் நிரூபாவின் வீட்டு வாசலில் இதுவரை ஒருவரும் வழுக்கி விழுந்ததில்லை. விழ அவள் விட்டால்தானே! முதற்பனி தூவ முன்னரே ஐஸ் உருக்கும் கல்லுப்பு வாளி கதவடிக்கு வந்துவிடும். அதற்குள் அள்ளிப் போட ஒரு சுண்டுப் பேணி. பால் வாங்கப் போனாலும் ஒரு சுண்டு உப்பு, குப்பை வைக்கப் போனாலும் ஒரு சுண்டு உப்பு. அந்த வீதியில் தபால்காரர் நிமிர்ந்து நடக்கும் ஒரே இடம் அவளுடைய வாசல்தான்.

இந்த உப்புப் பைத்தியத்துக்கு ஒரு காரணம் இருந்தது. கலியாணம் கட்டி வந்த முதல் குளிர்காலத்தில், பஸ் தரிப்பில், புதுச் சப்பாத்தோடு மல்லாக்க விழுந்தாள். விழுந்த நோ இரண்டு நாளில் போய்விட்டது. பஸ்ஸுக்குள் இருந்தவர்கள் பார்த்த பார்வைதான் இன்னும் போகவில்லை. யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். ஆனால் யானை சறுக்குவதை ஒரு பஸ் நிறைய ஆட்கள் இருந்து பார்ப்பதில்லையே.

அன்றிலிருந்து அவளுக்குப் பனியோடு பகை. மகள் சாம்பவிக்கு எட்டு வயது. அந்தப் பிள்ளை வெளியே விளையாடப் போவதென்றால் கோயில் தேரைச் சோடிப்பது மாதிரி ஒரு வேலை. உள்சட்டை, அதன்மேல் கம்பளிச் சட்டை, அதன்மேல் இன்னொன்று, பிறகு பனிக் காற்சட்டை, ஜக்கெற், கழுத்துத் துணி, தொப்பி, தொப்பிக்கு மேல் ஜக்கெற்றின் தொப்பி. கடைசிச் சிப்பை இழுத்து முடிக்கும்போது பிள்ளைக்குக் கட்டாயம் ஒண்டுக்கு வரும். எல்லாவற்றையும் கழற்றித் திரும்பப் போடுவதற்குள் சூரியன் மேற்கே மிசிசாகாவில் இருப்பவர்களுக்கும் மறைந்துவிடும்.

ஒருமுறை பூங்கா மேட்டில் சறுக்கி விளையாட விட்டாள். மற்றப் பிள்ளைகள் பிளாஸ்ரிக் பலகையில் இருந்து கத்திக்கொண்டு கீழே போனார்கள். சாம்பவிக்குப் பலகையில் இருக்க முடியவில்லை. அத்தனை உடுப்புக்குள் இடுப்பு எங்கே மடியும்? சுருட்டிக் கட்டிய மெத்தை மாதிரி நின்று மற்றவர்களின் கையுறைகளைப் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு வந்தாள்.

இந்த மார்கழியில் ஒருநாள் சாப்பாட்டு மேசையில் அவள் சாதாரணமாகச் சொன்னாள். "இப்ப என்னை ஒருத்தரும் விளையாடக் கூப்பிடுறேல்லை அம்மா. நீங்க விடமாட்டீங்கள் எண்டு அவைக்குத் தெரியும்."

நிரூபா தட்டில் புட்டைப் பிசைந்துகொண்டேயிருந்தாள். அந்த நேரம் பார்த்துத்தான் கணவன் ராகுலன், பிள்ளையின் பிறந்தநாளுக்குப் பின்வளவில் ஐஸில் சறுக்கி விளையாட ஒரு ஸ்கேற்றிங் ரிங்க் போடப்போவதாக அறிவித்தான். வேறொரு நாளென்றால் அவள் அவனை மிசிசாகா வேலையிடம் வரைக்கும் கலைத்திருப்பாள். அன்று மறுக்க மனம் வரவில்லை. சாம்பவி வகுப்பில் எல்லாரையும் கூப்பிட்டாள். எல்லாரும் வருகிறோம் என்றார்கள்.

ராகுலன் தொலைபேசியில் காணொளி பார்த்துப் படித்தவன். பலகை அடித்தான், தண்ணீர் கசியாமல் வெள்ளைத் தறப்பாள் விரித்தான், குழாயால் தண்ணீர் விட்டான். வளவு சரிவு என்பது அப்போதுதான் தெரிந்தது. ஒரு பக்கம் கணுக்கால் அளவு, மறுபக்கம் குளிக்கலாம். உது ரிங்க் இல்லை, கால் முறிக்கிற கேணி என்று நிரூபா குசினி ஜன்னலில் நின்று சொல்லிக்கொண்டேயிருந்தாள். ஆனால் அந்த ஜன்னலை விட்டு விலகவுமில்லை.

ஐஸ் இறுகியது. மேலே கொதிநீரை மெல்லிசாக ஊற்றினால் ஐஸ் வழுவழுப்பாகும் என்று ராகுலன் சொன்னான். அவளுக்கு வெள்ளிக்கிழமைகளில் பல் வைத்தியரின் கிளினிக்கில் வேலையில்லை. வீட்டில் ஆளில்லாத நேரம் பார்த்து ஒரு கேத்தல் நீரை ஊற்றிப் பார்த்தாள். ஆவி பறந்தது. தண்ணீர் பரவி, பளிச்சென்று நின்றது. இன்னொரு கேத்தல். பிறகு பெரிய பானை. அடுத்த வெள்ளி, குசினிக் கதிரையைக் கொண்டுபோய் ஐஸில் வைத்து, அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு ஓர் அடி தள்ளினாள். கதிரை போனது, அவளும் போனாள், விழவில்லை. தனக்குள்ளிருந்து ஒரு சிரிப்பு வந்ததைக் கேட்டு அவளே பயந்துபோனாள். பிறகு மத்தியானம் வரைக்கும் கதிரை தள்ளினாள். சந்தோசமாக இருந்தது, அவ்வளவுதான்.

பிறந்தநாளுக்கு முதல்நாளும் அப்படித்தான் தள்ளிக்கொண்டிருந்தாள். வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டு அன்ரனெற் எட்டிப் பார்த்தாள்.

"என்ன வடிவு நிரூபா! கண்ணாடி மாதிரிக் கிடக்கு. இந்த ரோட்டிலேயே ஒருத்தரிட்டையும் இப்பிடி ஒண்டு இல்லை."

நிரூபா கதிரையை நிறுத்தினாள். அன்ரனெற் நல்ல மனுசி. ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவள். ஆனால் அவளுடைய வாய் அப்படி. போன வருடம் நிரூபாவின் கறிவேப்பிலைக் கன்றைப் பார்த்து என்ன செழிப்பு என்றாள். கிழமை திரும்ப முன்னர் கன்று மொட்டை. புதுக் காரைப் பார்த்து என்ன மினுக்கம் என்றாள். மறுநாள் கடை வாகனத் தரிப்பில் ஒருவன் தன் வானால் அதன் பின்பக்கத்தை முத்தமிட்டுவிட்டுப் போனான். கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது. நாளைக்கு வகுப்பே வருகிறது. நாவூறு கழிக்காமல் விடலாமா?

செத்தல் மிளகாய் குசினியில் இருந்தது. உப்பு, கல்லுப்பாக இருக்கவேண்டும். குசினியில் இருந்ததோ தூள் உப்பு. கல்லுப்புக்கு எங்கே போவது என்று அவள் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. வாசலில் வாளி நிறைய இருந்ததே!

பிள்ளைக்கென்றால் ஒரு கைப்பிடி போதும். இவ்வளவு பெரிய ரிங்க்குக்கு ஒரு கைப்பிடி கஞ்சத்தனம் என்று பட்டது. ஒரு சுண்டு எடுத்தாள், மனம் ஆறாமல் இன்னொரு சுண்டும் எடுத்தாள். மூன்று முறை சுற்றி வந்தாள். நெருப்பில் போட வழியில்லை. போன தடவை மிளகாய் எரித்தபோது புகை எச்சரிக்கை மணி அடித்து, அயலட்டை முழுவதும் போர்வையோடு வெளியே வந்தது. தண்ணீரில் கரைத்தாலும் சரிதானே, ஐஸும் தண்ணீர்தானே என்று, உப்புக் கரைகிற மாதிரி அந்தக் கண்ணும் கரையட்டும் என்று வேண்டிக்கொண்டு, உப்பையும் ஒரு பிடி மிளகாயையும் நடுவில் வீசிவிட்டு நிம்மதியாகப் போய் வடைக்கு உழுந்து ஊறப்போட்டாள்.

பத்து வருடமாக அந்த உப்பு என்ன செய்யும் என்று அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் ரொறன்ரோவில் இல்லை. அது வாசலில். வளவுக்குள் வந்தால் அது வேறு உப்பு என்று நினைத்தாளோ என்னவோ.

விடிய ஜன்னலால் பார்த்தது சாம்பவிதான். ரிங்க்கின் நடுவில் அம்மை போட்ட முகம் மாதிரிக் குழி குழியாக, சேறு பிடித்த கூழ். ராகுலன் குனிந்து விரலால் தொட்டு நாக்கில் வைத்தான். உப்பு. பிறகு இருவரும் நிரூபாவைத் திரும்பிப் பார்த்தார்கள். வீதியில் உப்புக்குப் பெயர்போன ஒரே ஆள் அவள்தானே.

"நீங்க வேணுமெண்டுதான் செய்தனீங்கள், ரைட்?" என்றாள் சாம்பவி. கத்தவில்லை. சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போனாள்.

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதையை யாரிடம் சொல்வது, சொன்னாலும் யார் நம்புவது? ராகுலனிடம் நாவூறு என்றாள். அவன் தலையில் கை வைத்தான். அதற்குமேல் அவள் நிற்கவில்லை. தோசைக் கரண்டியையும் ஒரு வாளியையும் தூக்கிக்கொண்டு, வீட்டுச் சட்டையோடு, வெறும் செருப்போடு ஓடிப்போய் ஐஸில் முழங்காலில் இருந்தாள். உப்புக் கூழைச் சுரண்டிச் சுரண்டி வாளியில் போட்டாள். கண்ணீர் வந்தது. அதிலும் உப்பு என்று நினைத்து அவசரமாகத் துடைத்தாள்.

பின்னால் கதவு திறந்தது.

"அம்மா, ஜக்கெற் எங்க?"

சாம்பவி. கையில் தாயின் ஜக்கெற், தொப்பி, கழுத்துத் துணி எல்லாம். ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டு, சிப்பை மூக்கு வரைக்கும் இழுத்தாள். சளி பிடிக்கும் என்று வேறு திட்டினாள். அப்போதுதான் தாயின் முழங்காலடியில், ஐஸுக்குள் சிவப்பாக ஏதோ கிடப்பதைக் கண்டாள்.

"மிளகாய் எதுக்கு?"

"ஐஸை உருக்கிறதெண்டால் உப்பு மட்டும் போதுமே பிள்ளை," என்றாள் நிரூபா துணிக்குள்ளிருந்து. "மிளகாய், நாங்க ஆசையா வச்சிருக்கிறதுக்குத்தான் சுத்துறது. கண் பட்டுடும் எண்டு பயந்திட்டன்."

சாம்பவி மிளகாயைப் பார்த்தாள். பிறகு ஐஸின் மேல் நேற்று தாய் தள்ளிய கதிரையின் கால்கள் கீறியிருந்த நீளக் கோடுகளைப் பார்த்தாள். அவை வளைந்து வளைந்து ரிங்க் முழுக்க ஓடின.

"நீங்க இதில விளையாடினனீங்களா?"

நிரூபா வெட்கத்தோடு ஓம் என்றாள். பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தது. உள்ளே ஓடிப்போய் இன்னொரு கரண்டி எடுத்து வந்தது.

மூன்று பேருமாகக் கூழை அள்ளி, புதுப் பனியைத் தண்ணீரில் குழைத்துக் குழிகளை அடைத்தார்கள். பாதி ரிங்க் தேறியது. மறுபாதியில் சறுக்க முடியாது. அங்கே இறுகிக் கிடந்த மிளகாய்களைத் தோண்டி எடுப்பவருக்குப் பரிசு என்று சாம்பவி அறிவித்தாள். வந்த பிள்ளைகள் சறுக்குச் சப்பாத்துகளைக் கழற்றி எறிந்துவிட்டுக் கரண்டிக்குச் சண்டை பிடித்தார்கள். வீட்டுக் கதிரைகள் எல்லாம் ஐஸில் ஓடின. ஒருவரும் வீட்டுக்குப் போக மனமில்லாமல் இருட்டும்வரை நின்றார்கள்.

பொழுதுபட அன்ரனெற் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்தது. "எப்பிடி ஒரு பிறந்தநாள் நிரூபா. பிள்ளையளின்ரை சந்தோசத்தைப் பாக்க ரெண்டு கண் காணாது!"

நிரூபா நன்றி சொன்னாள். சிரித்தாள். மெல்லப் பின்னால் நகர்ந்து, வீட்டுக்குள்ளால் வாசலடிக்குப் போனாள். உப்பு வாளியின் மூடிமேல், அன்ரனெற்றின் குரல் கேட்டு முந்தி வந்த சாம்பவி காலை ஆட்டிக்கொண்டு இருந்தாள்.

"எனக்குச் சுத்துங்கோ அம்மா," என்றாள். "ஐஸுக்கு வேண்டாம்."